நெடுந்தீவுக்குச் சென்ற எரிபொருட்கலம்

என் வாழ்நாளில் கள்ளையோ சாராயத்தையோ நாவில் தொட்டவன் அல்லன். மலேசியாவின் ஈப்போ நகரில் இரசாயன ஆசிரியனாகப் பணியாற்றி, உப அதிபராக ஓய்வு பெற்றவன். அத்தகைய எனக்கு, நான் பிறந்த யாழ்ப்பாணத்துத் தீவுகளில் 'தண்ணிக்கார் மாஸ்டர்' என்று பெயர் வழங்குவதாகக் கரம்பொனில் வாழும் என் தங்கை தங்கம்மா எழுதியிருந்தாள். எழுதிய கையோடு, "நீங்கள் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்" என்றும் சேர்த்திருந்தாள். நான் பெரிதுபடுத்துவது என்று அன்றே தீர்மானித்தேன்.

பெயர் வந்த வழி இதுதான். முந்திய ஆண்டு ஐரோப்பாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மருமகனின் நண்பரான பொறியியலாளர் ஒருவர் தாம் பரீட்சித்துக்கொண்டிருந்த காரில் என்னை ஏற்றிச் சென்றார். கூரையின்மேல் ஐதரசன் வாயு அடைத்த உருளைகள் படுத்திருந்தன. பெற்றோல் இல்லை, உறுமல் இல்லை, புகை இல்லை. அடுத்த அறையில் யாரோ தையல் இயந்திரம் மிதிப்பது போன்ற ஓர் ஓசை மட்டும் கேட்டது. சவாரி முடிந்ததும் பின்புறக் குழாயிலிருந்து சொட்டிய நீரை அவர் ஒரு கோப்பையில் ஏந்திக் காட்டினார். நான் ஒரு துளியை நாவில் வைத்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

இதனை விளக்கி, நெடுந்தீவில் வாசிகசாலைச் செயலாளராக இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி சிவபாதத்துக்கு எழுதினேன். அவர் அதை வாசிகசாலையில் உரக்க வாசித்தாராம். காரிலிருந்து வெளியேறிய தண்ணீர், கடல் கடந்து ஊர்காவற்றுறையை அடைவதற்குள் காருக்குள் ஊற்றுகின்ற தண்ணீராகிவிட்டது. கரம்பொனை எட்டியபோது நான் காரில் இருந்து தண்ணி குடித்தவனாகிவிட்டேன்.

எழுத்தால் விளைந்ததை எழுத்தால் திருத்த இயலாது. நேரில் சென்று, கருவியைக் கண்முன் இயக்கிக் காட்டி, கார் தண்ணீரில் ஓடுவதில்லை, ஓடியபின் தண்ணீரைத் தருகிறது என்பதை அத்தீவுகளிலேயே நிலைநாட்ட வேண்டும் என்று புறப்பட்டேன். பேச்சின் தலைப்பை முன்கூட்டியே சிவபாதத்துக்கு அனுப்பியிருந்தேன்: 'எரிபொருட்கலமும் எதிர்கால வாகனமும்'. மின்கலம் என்று பாடநூல்கள் வழங்கும் சொல்லின் வழியில் அமைந்த பழுதற்ற சொல் அது; அந்தக் காரை ஓட்டிய 'ஃபியூவல் செல்' கருவிக்கு உரியது. ஆங்கிலப் பெயரையே போட்டுவிடலாமே என்று அவர் கேட்டெழுதினார். நான் இணங்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குச் செல்லும் பஸ்ஸில் என் மடிமீது ஒரு மரப்பெட்டி இருந்தது. அதனுள் பிளாற்றினம் பூசிய இரு சிறு வலைத் தகடுகள், மின்னோட்டத்தை முள்ளசைத்துக் காட்டும் கல்வனோமானி, கம்பிகள், கவ்விகள், சில உலர் மின்கலங்கள், கண்ணாடிக் குவளை, ஒரு போத்தல் எரிகாரக் கரைசல் ஆகியவை. ஈப்போவில் பஸ்ஸில் ஏறுபவர் தம் பக்கத்து ஆசனத்துக்காரரை இறங்கும்வரை ஏறிட்டும் பாரார். இங்கே கடலை ஊடறுத்துச் செல்லும் பண்ணைத் தாம்போதியை அடைவதற்குள் என் வயது, ஓய்வூதியம், மகளின் கணவர் எந்தப் பகுதியார் என்பவை முன் ஆசனம்வரை தெரிந்துவிட்டன. பெட்டிக்குள் இருப்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

தாம்போதியின் நடுவே சில்லு ஒரு பள்ளத்தில் விழுந்தது. மேல்தட்டிலிருந்த வெங்காய மூட்டை என் பெட்டியின்மேல் விழுந்தது. உள்ளே போத்தல் உடைந்த ஒலி கேட்டது. பெட்டியின் அடியால் கரைசல் கசிந்து தளத்தில் ஓடியது.

"ஒருவரும் தொடப்படாது!" என்று எழுந்து நின்று கூவினேன்.

நடத்துநர் ஓடிவந்தார். "என்ன ஐயா அது? அசிட்டோ?"

"அசிட் இல்லை. அதுக்கு நேரெதிர்."

பக்கத்தில் இருந்த மீன்காரப் பெண், "நேரெதிர் எண்டால் நல்ல சாமான்தானே. பேந்தேன் உந்தக் கத்துக் கத்துறியள்?" என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள், அவளுடைய காலடியில் இருந்த அலுமினியச் சட்டியைக் கரைசல் எட்டிவிட்டது. சட்டியின் அடி நுரைத்துப் பொங்கத் தொடங்கியது. எரிகாரம் அலுமினியத்தைத் தின்னும்போது எழும் அக்குமிழிகள் ஐதரசன் வாயு என்பதும், நான் கடல் கடந்து வந்ததே அவ்வாயுவைப் பற்றிப் பேசத்தான் என்பதும் உண்மை. எனினும் அவளுக்கு அதை விளக்கத்தக்க சூழல் அங்கிருக்கவில்லை. "ஐயோ, என்ரை சட்டி கொதிக்குது, அடுப்பில்லாமல் கொதிக்குது!" என்று அவள் அலற, பஸ் நின்றது.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாரும் இறங்கினர். ஒருவரும் என்னை ஏசிக்கொண்டு நிற்கவில்லை. கையில் கிடைத்த வாளியிலும் தூக்குச்சட்டியிலும் கடல்நீர் அள்ளிவந்து தளத்தையும் சட்டியையும் என் பெட்டியையும் கழுவினர். ஈப்போவில் பொலிசார் வரும்வரை காத்திருந்திருப்பார்கள். மீன்காரிக்கு ஒரு புதுச் சட்டி வாங்கிக்கொடுத்துவிட்டே நான் ஊர்காவற்றுறையில் வேறு வேலை பார்த்தேன்.

அந்த வேலை, போன காரத்துக்கு மாற்றாகச் சலவைச் சோடா வாங்குவது. அது எண்ணெய் விலை உலகெங்கும் ஏறியிருந்த காலம். கடையில் சீனி இல்லை, மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை.

"சலவைச் சோடா கிடக்கு," என்றார் கடைக்காரர், கதிரையை விட்டு எழும்பாமலே. "தோய்க்கிற சோடா எவ்வளவும் எடுங்கோ. தோய்க்கத்தான் சவுக்காரம் இல்லை."

கடை வாசலில் நின்ற இருவர் கதைத்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "வெள்ளிக்கிழமை நெடுந்தீவுக்குக் கலம் வருகுதாம். நோட்டீசு போட்டிருக்கு." "மெய்யாத்தானோ?" "மலேசியாவிலை இருந்து ஒரு பெரியவர் கொண்டுவாறாராம்."

விஞ்ஞானத்தில் இத்துணை ஆர்வம் கொண்ட மக்களை நான் ஈப்போவிலும் கண்டதில்லை. "நான்தான் கொண்டுபோறன்," என்றேன்.

கடைக்காரர் கதிரையை விட்டு எழுந்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஐயாவோ! எத்தினை கலன்?"

"ஒரு கலந்தான்."

அவருடைய முகம் மாறியது. "ஒரு கலனோ? ஒரு கலனைக் கொண்டுபோய் இந்தச் சனத்துக்கு என்னெண்டு காட்டப் போறியள்?"

"வடிவாகக் காட்டலாம். ஒவ்வொருவராக வந்து பார்க்க வேணும்."

"பார்க்கிறதோ!" என்று அவர் சிரித்தார். "பெரியாக்கள் விசயத்தை வெளியிலை விடமாட்டினம். எனக்கு விளங்குது." சோடாவைச் சுற்றித் தந்தபோது விலையில் ஒரு பங்கைக் குறைத்தும் கொண்டார். கலன் என்று அவர் கேட்டது எண்ணெய் அளக்கும் 'கேலன்' என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கரம்பொனில் தங்கம்மா நண்டுக் கறியும் பிட்டும் ஆக்கி வைத்திருந்தாள். மலாயாவில் எல்லா நண்டும் கிடைக்கும், ஆனால் முருங்கையிலை போட்ட இந்தக் குழம்பின் மணம் கிடைக்காது. என் கோட்டைக் கழற்றாமலே இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன். அவளுடைய கணவர் எதையும் நினையாத நல்ல மனிதர். "மச்சான், தண்ணி ஏதும் குடிக்கிறியளோ?" என்று கேட்டார். தங்கம்மா அகப்பையோடு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கிணத்துத் தண்ணியைச் சொன்னனான்," என்றார் அவர் அவசரமாக.

"கிணற்றுத் தண்ணீர் தாரும்," என்றேன். இந்த நிலையை மாற்றாமல் கப்பலேறுவதில்லை என்ற எண்ணம் அந்தச் செம்பை வாங்கியபோது இன்னும் இறுகியது.

மறுநாள் நயினாதீவில் இறங்கி அம்மனை வழிபட்டேன். துறையில் தெற்கிலிருந்து வந்த சிங்கள யாத்திரிகர்கள் விகாரைக்குச் செல்வதற்காக வரிசையில் நின்றனர். அவர்களுள் வெள்ளைச் சேலை உடுத்த முதிய அம்மையார் ஒருவர் என் பெட்டியைக் காட்டிப் படகோட்டியிடம் ஏதோ வினவினார். உள்ளே புனிதப் பொருள் இருக்கிறதா என்று கேட்கிறார் என்றார் படகோட்டி. காற்றிலிருந்து தண்ணீர் உண்டாக்கும் கருவி என்று சொல்லச் சொன்னேன். அம்மையார் சற்றுச் சிந்தித்துவிட்டு, "அப்படியானால் இதை இங்கேயே விட்டுச் செல்லுங்கள், இங்கே கிணறெல்லாம் உப்பு," என்றாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கருவியின் பயனை அன்றுவரை அத்துணை நேராக உணர்ந்தவர் அவர் ஒருவரே.

அங்கிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் லோஞ்சுப் படகில் உட்கார இடம் இல்லை. எவரும் வெறுங்கையோடு ஏறவில்லை என்பதைக் கவனித்தேன். தகரம், போத்தல், வாளி, கட்டுக்கயிற்றில் தொங்கும் பால்மா ரின் என ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. நெடுந்தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டென்பதால் தண்ணீர் அள்ளப் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

நெடுந்தீவுத் துறையை நெருங்கியபோது கரை முழுவதும் சனம். பவளக்கல் மதில்மேலும் ஏறி நின்றனர். ஒரு மூலையில் குதிரைகள் இரண்டு இந்த ஆரவாரத்தைப் பொருட்படுத்தாமல் காய்ந்த புல்லைத் தேடிக்கொண்டிருந்தன. நான் கோட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன். சிவபாதம் மாலையோடு நின்றார். மாலையை என் கழுத்தில் இட்டபடியே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அண்ணை, ஒரு சின்னப் பிழை நடந்துபோச்சு."

"என்ன பிழை?"

"கடதாசித் தட்டுப்பாடு. அரைத் தாளிலைதான் நோட்டீசு எழுதினனான். முழுத் தலைப்பும் கொள்ளேல்லை. 'எரிபொருட்கலம் வருகிறது, அனைவரும் வருக' எண்டு போட்டன்."

"சரியாகத்தானே போட்டிருக்கிறீர்?"

"சரிதான். ஆனால் சனம் கலமெண்டால் கப்பலெண்டு விளங்கியிட்டுது."

நான் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தேன். தகரங்களும் வாளிகளும் பால்மா ரின்களும் என்னைப் பார்த்தன. கடைக்காரரின் கதிரையும் கலனும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

"மண்ணெண்ணெய்க் கப்பல் எண்டோ?"

"ஓம் அண்ணை. எண்ணெய் வந்து கனநாள். படகெல்லாம் கரையிலை கிடக்குது. விளக்குக்கும் இல்லை." சிவபாதம் என் காதருகே வந்தார். "நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் போதும். கலம் பின்னாலை வருகுது, நாளைக்கு வந்திடும் எண்டு. நாளைக்கு நீங்கள் லோஞ்சிலை ஏறியிடுவியள். பேந்து நான் பாத்துக்கொள்ளுவன்."

"நான் ஏறியிடுவன், சிவபாதம். என்ரை பேர் இஞ்சைதானே நிக்கும்."

"அண்ணை, என்ரை பேரையும் யோசியுங்கோ. நான் இந்த ஊரிலை இருக்கிறவன்."

அவருடைய கவலையும் நியாயமானதே. அதனால்தான் பொய் ஒன்றைத் தொடங்கிவைத்துவிட்டுச் செல்ல நான் இசையவில்லை. துறைப் படியில் ஏறி நின்று, மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, என் வகுப்பறைக் குரலில் சொன்னேன்: "எண்ணெய் வரவில்லை. நாளைக்கும் வராது. நான் கொண்டுவந்த கலம் கப்பல் அன்று. மின்சாரம் தரும் ஒரு சிறு கருவி. அதைப் பற்றிப் பேசவே வந்தேன். உங்களுக்கு நேர்ந்த அலைச்சலுக்கு வருந்துகிறேன்."

தகரங்களும் வாளிகளும் தரையில் இறங்கின. பிறகு குரல்கள் எல்லாம் ஒருங்கே எழுந்தன.

"அப்ப எங்களை என்னத்துக்குக் கூப்பிட்டனீங்கள்?"

"உது தண்ணிக்கார் மாஸ்டரல்லோ! ஆள் நல்ல தண்ணியிலைதான் வந்து இறங்கியிருக்கிறார்."

"சிவபாதம் எங்கை? அவரின்ரை வாசிகசாலையைக் கொளுத்தத்தான் இனி எண்ணெய் வேணும்!"

"அதுக்கும் எண்ணெய் இல்லையே," என்றது வேறொரு குரல். சிலர் சிரித்தனர். சிவபாதம் சிரிக்கவில்லை.

அப்போது ஒரு தடித்த மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். பெயர் சூசைப்பிள்ளை, ஊர்காவற்றுறையில் மீன்பிடிக்கிறவர் என்று பின்னர் அறிந்தேன். இரு கைகளிலும் இரு பெரிய தகரங்கள்.

"மாஸ்டர், நான் உங்கடை நோட்டீசைப் பாத்திட்டு, இருந்த கடைசி எண்ணெயை எரிச்சுக்கொண்டு எண்ணெய் வாங்க வந்தனான். இனித் திரும்பிப் போக மோட்டரிலை சொட்டும் இல்லை. நீங்கள் அந்தப் பெட்டியைத் திறக்காமல் இஞ்சையிருந்து போக ஏலாது."

"திறக்கத்தான் வந்தனான்," என்றேன்.

வாசிகசாலை முன்றலில் கூட்டம் கூடியது. வாங்குகள் போதாமையால் ஆண்கள் தங்கள் தகரங்களைக் கவிழ்த்து அவற்றின்மேல் அமர்ந்தனர். அத்துணை கோபத்தோடு அமர்ந்த சபையை அதற்கு முன் நான் கண்டதில்லை. கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவரச் செய்து, குவளையில் சலவைச் சோடாவைக் கரைத்தேன். கடல்நீரை அள்ளித் தருவதாக ஒருவர் சொன்னார். உப்புநீரில் மின்னைச் செலுத்தினால் நச்சுவாயு எழும் என்று மறுத்தேன்.

"ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு எப்படிப் போவீர்கள்?" என்று பேச்சைத் தொடங்கினேன்.

"இதென்ன கேள்வி? தோணியிலை."

"தோணியில் இடமில்லையென்றால்?"

"பஸ்ஸிலை யாழ்ப்பாணம் போய்ச் சுத்தி வரவேணும். பொழுது போயிடும்."

"இக்குவளையில் உள்ள கரைசலை அந்தக் கடல் என்று கொள்ளுங்கள். ஒரு கரையில் ஐதரசன், மறு கரையில் ஒட்சிசன். இரண்டும் கூடினால் தண்ணீர். நெருப்பு வைத்தால் ஒரே வெடியில் கூடிவிடும். நாம் நெருப்பு வைப்பதில்லை. அயன்கள் என்னும் நுண்துகள்கள் கரைசலினூடே தோணியில் கடக்கலாம். மின்னைச் சுமக்கும் இலத்திரன்களுக்குத் தோணியில் இடமில்லை. அவை வெளியே கம்பி வழியாக, யாழ்ப்பாணத்தைச் சுற்றி வருவதுபோல வந்தே மறுகரை சேர வேண்டும். அவ்வழியில் ஒரு மோட்டரை வைத்தால், அதைச் சுழற்றிவிட்டுத்தான் அவை அப்பால் செல்ல முடியும். கார் ஓடுவது அதனால். கணக்கெல்லாம் தீர்ந்தபின் எஞ்சுவது தண்ணீர். காருக்குள் தண்ணீர் ஊற்றப்படுவதில்லை. காரிலிருந்து தண்ணீர் வருகிறது." கடைசி இரு வாக்கியங்களையும் மீண்டும் ஒருமுறை சொன்னேன்.

"மாஸ்டர், இலத்திரன் எங்கடை பஸ்ஸிலை ஏறினால் மோட்டர் நாளையிண்டைக்குத்தான் சுத்தும்!" என்றது மதிலோரக் குரல்.

"அதனால்தான் கம்பி நல்ல செம்பாக இருக்க வேண்டும்," என்றேன். முதன்முறையாகச் சில முகங்கள் தளர்ந்தன.

இரு தகடுகளையும் கரைசலில் இறக்கி, உலர் மின்கலங்களோடு தொடுத்தேன். குமிழிகள் எழுந்து தகடுகளில் ஒட்டின. "இப்போது தண்ணீரை மின் பிரிக்கிறது. ஒன்றில் ஐதரசன், மற்றதில் ஒட்சிசன். இனி மின்கலங்களைக் கழற்றுகிறேன். இரு வாயுக்களும் தாமே மின்னைத் தரும். கல்வனோமானியின் முள்ளைப் பாருங்கள்."

முள் அசையவில்லை.

மறுபடியும் தொடுத்தேன், கழற்றினேன். முள் அசையவில்லை. தகரத்தில் அமர்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"தண்ணி காணாது போலை!"

"மாஸ்டருக்கோ, மிசினுக்கோ?"

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நான் நிமிரவில்லை. சிவபாதம் என் பின்னால் நின்று, "காணும் அண்ணை, விடுங்கோ," என்று மெல்லச் சொன்னார். அப்போது விட்டிருந்தால் அந்தத் தீவுகளில் நான் சாகும்வரை, செத்த பின்னும், தண்ணிக்கார் மாஸ்டர்தான். கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். பஸ்ஸில் சிந்திய காரமும் கழுவிய கடல்நீரும் சேர்ந்து கல்வனோமானிக்குச் செல்லும் ஒரு கவ்வியின் வாயில் பச்சை நிறப் பொருக்காக இறுகியிருந்தன. மின் அதைக் கடக்காது.

"உங்கடை கத்தியைத் தாருங்கோ," என்று சூசைப்பிள்ளையிடம் கையை நீட்டினேன். இடுப்பிலிருந்த மீன்கத்தியை அவர் தந்தார். செதில் மணத்தோடு அந்தக் கத்தியால் செம்பு மினுங்கும்வரை சுரண்டினேன். கத்தியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மீண்டும் மின்கலங்களைத் தொடுத்துக் குமிழிகள் எழவிட்டுக் கழற்றினேன்.

முள் துள்ளி ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

"நில்லுங்கோ," என்றார் சூசைப்பிள்ளை. "பற்றரியை எங்கையும் ஒளிச்சுப் பூட்டியிருக்கிறியளோ?"

நான் அந்த மின்கலங்களை எடுத்து அவருடைய கையிலேயே வைத்தேன். அவர் அவற்றைத் தலைக்குமேல் உயர்த்தி எல்லாருக்கும் காட்டினார். பிறகு குனிந்து மேசையின் அடியில் பார்த்தார். என் கோட்டின் கையையும் சற்று உயர்த்திப் பார்த்தார். எவரும் என்னை அவ்வாறு சோதித்ததில்லை. ஆனால் ஆய்வுகூடத்தில் என் மாணவரிடம் நான் எதிர்பார்த்ததும் அதுதான் என்பதால் கையை நீட்டிக்கொடுத்தேன். முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தாலும் இன்னும் சாய்ந்தே நின்றது.

"பற்றரி என்ரை கையிலை," என்றார் அவர் கூட்டத்தைப் பார்த்து. "முள்ளு அங்கை நிக்குது."

அதன்பின் ஒவ்வொருவராக வந்து பார்த்தனர். முள் இறங்கியதும் மறுபடி மின்னூட்டினேன். கடைசி மனிதர் பார்க்கும்வரை நான் அமரவில்லை.

சூசைப்பிள்ளை மட்டும் தம் இடத்துக்குப் போகவில்லை. "மாஸ்டர், உது என்ரை மோட்டரைச் சுத்துமோ?"

"இது ஓர் ஊசியைத்தான் அசைக்கும். இதைப் பெரிதாக்கி அடுக்கியதுதான் காரை இழுத்தது. நான் அதில் ஏறிச் சென்றேன்."

"படகுக்கு எப்ப வரும்?"

சிவபாதம் என் முதுகில் விரலால் அழுத்தினார். "கெதியா வரும் எண்டு சொல்லுங்கோ," என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஐந்தாண்டு என்று சொல்லியிருக்கலாம். எவரும் வந்து கேட்கப்போவதில்லை.

"அறியேன். என் காலத்தில் வராது என்றுதான் நினைக்கிறேன்," என்றேன். "ஐதரசன் தானாகக் கிடைப்பதில்லை. தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கலாம். ஆனால் பிரிக்கச் செலவாகும் மின் திரும்பக் கிடைப்பதைவிட அதிகம். உங்கள் தீவில் வீணாக வீசும் இந்தக் காற்றைக் கொண்டு அந்த மின்னை எடுத்தால் ஒருகால் கட்டுப்படியாகும். அதையும் இன்னும் எவரும் இங்கே செய்து பார்த்ததில்லை."

"ஓடாது எண்டு சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"எது ஓடுது, எது இன்னும் ஓடேல்லை. ரெண்டையும் சொல்ல வந்தனான்."

அவர் தகரங்களை எடுத்துக்கொண்டு துறைப் பக்கம் போய்விட்டார். மற்றவர்களும் கலைந்தனர். கைதட்டல் இல்லை. அன்று சிவபாதத்தின் வீட்டில் நல்ல எருமைத் தயிர் பரிமாறினார்கள். சிவபாதம் எதிரே அமர்ந்து, என்னை ஏறிட்டுப் பாராமல் உண்டு முடித்தார்.

காலையில் துறைக்குச் சென்றால் லோஞ்சு புறப்படவில்லை. டீசல் இல்லை. எப்போது வரும் என்பதற்கு அங்கிருந்தவர் வானத்தைக் காட்டினார். நான் பெட்டியின்மேல் அமராமல், அதன் பக்கத்தில் நின்றேன்.

சற்றுத் தள்ளி ஒரு படகில் மோட்டரைக் கழற்றி உள்ளே படுக்கவைத்துவிட்டு, பாய்மரம் நாட்டிக்கொண்டிருந்தார் சூசைப்பிள்ளை.

"வாருங்கோ மாஸ்டர். சோளகக் காத்துப் பின்னாலை தள்ளுது. நயினாதீவிலை இறக்கிவிடுறன்."

"உம்முடைய எண்ணெய் என்னால்தான் போனது."

"அது போச்சு. நீங்கள் ஏறுங்கோ. கோட்டுத்தான் நனையும்."

கோட்டு நனைந்தது. பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். பாய் நிறைந்து படகு சரிந்து ஓடியபோது, அத்துணை வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். என் கை மரத்தைப் பிடித்திருந்ததைப் பார்த்தும் பார்க்காதவர்போல இருந்தார். பாதி வழியில், "அந்த இலத்திரன் ஏன் தோணியிலை ஏறாது? அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றார். சொன்னேன். காற்றில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நயினாதீவுத் துறை தெரிந்தபோது அங்கும் ஒரு கூட்டம் நின்றது. நெடுந்தீவுக்குப் போன கலம் திரும்பும் வழியில் இங்கே தட்டும் என்று எவரோ சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் கைகளிலும் தகரங்கள். எங்கள் பாயைக் கண்டதும் தண்ணீரில் இறங்கி வந்தனர்.  மீண்டும் முதலிலிருந்து சொல்லவேண்டும் என்று எழுந்து நிற்க முயன்றேன்.

சூசைப்பிள்ளை எனக்கு முன்னே எழுந்து படகின் முன் அணியத்தில் நின்றார்.

"எண்ணெய் இல்லை! ஒரு சொட்டும் இல்லை! கலமெண்டது கப்பலில்லை!"

"அப்ப அந்தக் கோட்டுப் போட்ட மனிசன் ஆர்?"

"மாஸ்டர். பெட்டிக்குள்ளை ஒரு சாமான் வைச்சிருக்கிறார்."

"படகு ஓடுமோ அதாலை?"

"ஓடாது," என்றார் சூசைப்பிள்ளை. "ஓடாது எண்டு அவரே சொன்னவர், ஊர்ச்சனம் முழுக்கத் தகரத்தோடை நிக்கேக்கை. என்ரை வயசுக்கு, விக்க வந்த ஒருத்தனும் அப்பிடிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதாலை சொல்லுறன், போகாதையுங்கோ. இருந்து கேளுங்கோ."

படகு மணலில் முட்டியது. என் பெட்டியை நான் கொடுப்பதற்குள் அவரே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். நான் நனைந்த கோட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு அவர் பின்னே கரையேறினேன்.